இனி சீட்டில் ஊர்ப் பெயரும் இருக்கும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நம் கடைக் கம்பளங்களின் பின்பக்கம் தைத்திருக்கும் சீட்டில் இந்த மாதத்திலிருந்து ஒரு மாற்றம். இதுவரை ‘பாரசீகக் கம்பளம், கைநெசவு’ என்று பொதுவாக எழுதிவந்தோம். இனிமேல் எந்த ஊரில் அல்லது எந்த வட்டாரத்தில் நெய்தது, மேல்நூல் (காலில் படும் நூல்) கம்பளியா பட்டா, பாவு (தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டும் நூல்) பருத்தியா கம்பளியா என்பதும் அதில் இருக்கும். ஒரே அளவில் இரண்டு கம்பளங்களைப் பார்த்துவிட்டு, ‘இதற்கு ஏன் இந்த விலை, அதற்கு ஏன் அந்த விலை?’ என்று நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. பெரும்பாலும் அதற்குப் பதில் ஊரில்தான் இருக்கிறது.

தெற்கு ஈரானிலிருந்து தொடங்குகிறோம். ஷிராஸ் நகரைச் சுற்றியுள்ள ஃபார்ஸ் மாகாணத்தில் கஷ்காய் மக்கள் இருக்கிறார்கள். கோடைக்கு மலை, குளிருக்குச் சமவெளி என்று ஆட்டு மந்தையோடு இடம் மாறி வாழ்ந்தவர்கள். இன்றும் சில குடும்பங்கள் அப்படி நகர்கின்றன. அவர்களுடைய தறி தரையோடு படுத்திருக்கும். முளை அடித்து, இரண்டு கட்டைகளுக்கு நடுவே பாவை இழுத்துக் கட்டினால் தறி தயார். கிளம்பும் நாள் வந்தால் முளையைப் பிடுங்கி, பாதி நெய்த கம்பளத்தைக் கட்டையோடு சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விடலாம். ஆண்கள் ஆட்டுக்கு ரோமம் கத்தரிப்பார்கள், தறி செய்து கொடுப்பார்கள். நூல் நூற்பது, சாயம் தோய்ப்பது, நெய்வது எல்லாம் பெண்கள் வேலை. மாதிரிப் படம் வைத்துக்கொள்ளும் வழக்கம் கிடையாது. பூவும் பறவையும் ஆடும் அம்மாவிடமிருந்து மகளுக்கு வந்தவை. தறியில் உட்கார்ந்த பிறகு அவளுக்குத் தோன்றுவதும் அவற்றோடு சேரும். அதனால்தான் ‘இதே மாதிரி இன்னொன்று வேண்டும்’ என்று கேட்பவர்களிடம் இல்லை என்று சொல்லவேண்டியிருக்கிறது. இந்த ஃபார்ஸ் நெசவையும் அடுத்து வரும் காஷான் நெசவையும் 2010இல் யுனெஸ்கோ மரபுக் கலைகளின் பட்டியலில் சேர்த்தது.

கடையில் இப்போது விரித்திருக்கும் ஒரு கஷ்காய் கம்பளத்தைப் பற்றிப் பலர் கேட்டுவிட்டீர்கள். கீழ்க்கரையிலிருந்து ஒரு முழத்துக்குச் சற்று மேல் வரை அழுத்தமான செங்கல் சிவப்பு. அதற்கு மேல், குறுக்கே கோடு போட்டதுபோல, நிறம் இளகி ஆரஞ்சுக்கு வந்துவிடுகிறது. வெயிலில் வெளுத்ததோ என்று சந்தேகம் வருவது இயல்பு. குனிந்து, அந்த இடத்து மேல்நூலை இரண்டு விரலால் பிரித்து அடி வரை பாருங்கள். வெளுத்த கம்பளமாக இருந்தால் நுனி வெளிறியும் அடி அழுத்தமாகவும் இருக்கும். இதில் நுனியும் அடியும் ஒரே நிறம். ஒரு தடவை தோய்த்த நூல் தீர்ந்து, அடுத்த தடவை தோய்த்த நூல் தொடங்கிய இடம் அது. ஈரானில் இதை அப்ராஷ் என்பார்கள். நம் ஊர் மஞ்சிட்டியின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் வேரிலிருந்து அந்தச் சிவப்பு வருகிறது. நீலத்துக்கு அவுரி. மாதுளைத் தோல், வால்நட்டின் பச்சைத் தோல் இவற்றிலிருந்து மஞ்சளும் பழுப்பும். வேரின் வயது, தண்ணீர், ஊறிய நேரம் என்று எது மாறினாலும் நிறம் மாறும். எங்களைக் கேட்டால், அந்தக் கம்பளத்தின் அழகே அந்தக் கோடுதான். விலையில் அதற்காகத் தள்ளுபடி கிடையாது.

காஷான் வேறு உலகம். பாலைவன ஓரத்து நகரம், நிலையான தறி, கட்டம் போட்ட தாளில் வரைந்த வடிவம். ஒரு கட்டத்துக்கு, மேல்நூலைப் பாவில் சுற்றிப் போடும் ஒரு முடிச்சு. நடுவில் பதக்கம், நான்கு மூலையிலும் அதன் கால் பங்கு, சுற்றிலும் கொடிக் கரை. இங்கும் நெய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தான். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் அர்தபீல் கம்பளத்தில் மக்சூத் காஷானி (அதாவது காஷான்காரர் மக்சூத்) என்ற பெயரும், 1539–40க்கு இணையான இஸ்லாமிய ஆண்டும் நெய்யப்பட்டிருக்கின்றன. ஏறத்தாழ பத்தரை மீட்டர் நீளம், ஐந்து மீட்டருக்கு மேல் அகலம். வடமேற்கு ஈரானின் அர்தபீல் நகரில் உள்ள ஷேக் சஃபி தர்காவிலிருந்து வந்தது. 1893இல் அருங்காட்சியகம் 2,000 பவுண்டுக்கு வாங்கியது.

வடமேற்கு ஈரானின் தப்ரீஸ் நகரில் முனையில் கொக்கி வைத்த கத்தியால் முடிச்சுப் போடுவார்கள். அதனால் கை வேகம் அதிகம். அந்த ஊர்ச் சீட்டில் ‘50 ரஜ்’ என்று இருந்தால், சுமார் 7 செ.மீ. அகலத்துக்கு 50 முடிச்சு என்று அர்த்தம். ஒரு சதுர மீட்டருக்கு ஐந்து லட்சத்தைத் தாண்டும். முடிச்சு கூடினால் வளைவான பூ வேலை துல்லியமாக வரும், விலையும் கூடும். ஆனால் முடிச்சு எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தரம் சொல்பவர்களை நம்பாதீர்கள். கஷ்காய் நெசவில் முடிச்சு குறைவுதான். கம்பளியும் சாயமும் நன்றாக இருந்தால் அதுவும் தலைமுறை தாண்டும்.

சின்னப் பிள்ளைகள் ஓடியாடும் கூடத்துக்கு எது நல்லது என்று கேட்டால் நாங்கள் கைகாட்டுவது பீஜார். குர்திஸ்தான் பக்கத்து ஊர். ஊடையை (குறுக்கே ஓடும் நூலை) நனைத்து, கனமான இரும்புக் கருவியால் அடித்து அடித்து இறக்குவார்கள். கையில் தூக்கினால் அளவுக்கு மீறிய கனம் தெரியும். அதை மடிக்கக் கூடாது. மடித்தால் பாவு உடையும். சுருட்டித்தான் வைக்கவேண்டும். நயீன் ஊர்க் கம்பளத்தில் 9லா, 6லா, 4லா என்று எழுதியிருக்கும். ‘லா’ என்பது பாவு நூலில் சேர்த்து முறுக்கிய இழை. எண் குறையக் குறைய நெசவு நயம் கூடும். கோம் நகரத்துப் பட்டுக் கம்பளங்களைத் தயவுசெய்து நடமாட்டம் உள்ள இடத்தில் போடவேண்டாம்.

சந்தையில் ‘காஷான் டிசைன்’, ‘தப்ரீஸ் பேட்டர்ன்’ என்று வருபவற்றில் கவனமாக இருங்கள். காஷ்மீரில் இதே வடிவங்களைக் கையால் மிக நேர்த்தியாக நெய்கிறார்கள். நாங்களும் விற்கிறோம், ஆனால் சீட்டில் காஷ்மீர் என்றே இருக்கும். இயந்திரத்தில் நெய்ததைக் கண்டுபிடிக்க, புரட்டிப் போட்டுக் குஞ்சத்தைப் பாருங்கள். கைநெசவில் பாவு நூலேதான் வெளியே நீண்டு குஞ்சமாகிறது. தனியாகக் குஞ்சம் தைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். பழைய கம்பளத்தில் குஞ்சம் தேய்ந்து புதிதாகத் தைப்பதும் உண்டு. அதனால் முதுகுப் பக்கத்தையும் பாருங்கள். கைநெசவானால் பூ வேலை அங்கேயும் தெளிவாகத் தெரியும், முடிச்சு வரிசை அங்கங்கே லேசாக ஏறி இறங்கும்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பரிசாக அனுப்ப வாங்குகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஈரானியக் கம்பள இறக்குமதிக்கு அங்கே 2000இல் வழி திறந்து, 2010இல் மூடி, 2016இல் திறந்து, 2018இல் மறுபடி மூடிவிட்டார்கள். அந்த நாட்டு முகவரிக்கு நாங்கள் அனுப்புவதில்லை.

அப்புறம், பராமரிப்பு. நம் கடலோரக் காற்றில் ஈரத்தைவிட அந்துப்பூச்சிக்குத்தான் அதிகம் பயப்படவேண்டும். அது இருட்டான, ஆள் அசையாத இடத்தில்தான் முட்டையிடும். சோபாவுக்கு அடியில் போன பகுதியை மாதம் ஒருமுறையாவது வெளியே இழுத்து, இரண்டு பக்கமும் தூசி எடுங்கள். காபி கொட்டினால் தேய்க்காமல் வெள்ளைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். வாஷிங் மெஷின் வேண்டவே வேண்டாம். ஜன்னல் வெயில் படும் அறையானால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கம்பளத்தைத் திருப்பிப் போடுங்கள். அந்த அர்தபீல் கம்பளத்துக்கே அருங்காட்சியகத்தில் அரை மணிக்குப் பத்து நிமிடம்தான் முழு விளக்கு.

ஏற்கெனவே எங்களிடம் வாங்கியவர்கள் கம்பளத்தைக் கொண்டுவந்தால் புதுச் சீட்டு இலவசமாகத் தைத்துத் தருகிறோம். பெரிய கம்பளமாக இருந்தால், முதுகுப் பக்கத்தையும் குஞ்சத்தையும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பினாலே போதும், பார்த்துவிட்டு நேரில் வருகிறோம். வேறு கடையில் வாங்கியதையும் பார்த்துச் சொல்வோம். ஊர் உறுதியாகத் தெரியாத கம்பளத்துக்குச் சீட்டில் அந்த இடத்தைக் காலியாகவே விடுவோம்.

இப்படிக்கு,
கடையிலிருந்து உங்கள் அன்புள்ள
கம்பளப் பிரிவினர்