நுனி நிமிர்ந்தால் மீன்

ஸ்காபுறோ,
யூலை

அன்பு மச்சான் சிவா,

உன் கடிதம் கிடைத்தது. பாரி நகரில் வீட்டையும் வாங்கி வள்ளத்தையும் வாங்கிவிட்டாய். இதில் எது முதல் என்று உன் மனுசியிடம்தான் கேட்க வேண்டும். இங்கே எல்லாரும் சுகம். சிம்கோ ஏரியின் கெம்பன்ஃபெல்ற் குடாவில் மூன்று சனிக்கிழமை நின்றும் ஒரு வைற்ஃபிஷ்கூட ஏறவில்லை, ஐஸ் காலத்தில்தான் அது கொத்தும் என்று ஆட்கள் சொல்லுகினம் என்று எழுதியிருந்தாய். கோடையிலும் கொத்தும் மச்சான். கொத்தினது உனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அந்த மீனின் வாயை ஒருக்கால் நினைத்துப் பார். மூக்கு முன்னுக்குத் தள்ளியிருக்கும். வாய் அதற்குக் கீழே, சின்னதாக, நிலத்தைப் பார்த்தபடி இருக்கும். நத்தை, சின்னச் சிப்பி, பூச்சிப் புழு இவற்றை அடியிலிருந்து உறிஞ்சி எடுக்கிற வாய் அது. லேக் ட்றவுட் மாதிரித் துரத்தி வந்து அடிக்காது. உறிஞ்சும், பிடிக்காவிட்டால் துப்பும். நீ தடியில் ஒரு 'டக்' வரும் என்று காத்திருந்தால் அது மூன்று தரம் துப்பிவிட்டுப் போயிருக்கும்.

ஆகவே கையை நம்பாதே, நுனியைப் பார். ஸ்பூன், அதுதான் முள்ளுப் பூட்டின உலோகத் தகடு, அடியிலிருந்து ஒரு சாண் மேலே தொங்கும்போது தடியின் நுனி அந்தப் பாரத்துக்கு இரண்டு விரற்கடை வளைந்து நிற்கும். மீன் இரையை வாயில் வைத்துக்கொண்டு தலையைத் தூக்கினால் பாரம் போய்விடும், நுனி மெல்ல நிமிரும். பாதிக்கு மேற்பட்ட கொத்துகள் இப்படித்தான் வரும். மற்றவை, தூக்கும்போது ஈரத்துணி மாட்டினது போலக் கொஞ்சம் கூடின பாரமாகத் தெரியும். இரண்டுக்கும் செய்ய வேண்டியது ஒன்றே: வெட்டி இழுக்காமல், றீலை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டே தடியை உயர்த்து.

இதற்கு நீ எழுதின தடி சரிவராது. அது சல்மனுக்கு உள்ளது, நுனி மொத்தம். ஏழடி, மீடியம்-லைற், நுனி மெல்லிசானது எடு. 2500 அளவு றீல் போதும். 10 இறாத்தல் பின்னல் நூல். அது இழுபடாதபடியால் 25 மீற்றருக்குக் கீழே நடப்பதும் மேலே தெரியும். அதன் முனையில் இரண்டு மீற்றர், 8 இறாத்தல் ஃபுளோரோகார்பன் நூல், அது தண்ணீருக்குள் இலேசில் தெரியாது. தெளிந்த தண்ணீர், பின்னல் நூலை மீன் காணும். ஸ்பூன் சுழன்று நூலை முறுக்கும், ஆனபடியால் இரண்டு நூலும் சேருமிடத்தில் சின்ன சுவிவல், அதுதான் சுழலுகிற வளையம், ஒன்று போடு.

ஸ்பூன் 5 சென்ரிமீற்றர் நீளம், 10 முதல் 14 கிராம், வெள்ளியோ பொன்னிறமோ. காற்று நாளில் 21 கிராம். அதோடு வருகிற முள்ளு பெரும்பாலும் பெரிது. கழற்றிவிட்டு 10ஆம் இலக்க, மூன்று கவருள்ள முள்ளு ஒன்று போடு. முனையை நகத்தில் இழுத்துப் பார், வழுக்கினால் தீட்டு. முள்ளில் மெழுகுப்புழு ஒன்று, கூடினால் இரண்டு. நீ படத்தில் காட்டின மாதிரிக் கொத்தாகக் கோர்த்தால் அந்த வாய்க்குள் போகாது.

இனி, எங்கே. யூலையில் சிம்கோவின் மேல்தண்ணீர் 22 பாகை செல்சியசுக்கு மேலே போய்விடும். வைற்ஃபிஷ் குளிர்நீர் மீன், சூட்டுத் தண்ணீருக்குக் கீழேதான் இருக்கும். உன் குடாவில் ஏரியின் ஆகக்கூடின ஆழம், 41 மீற்றர், இருக்கிறது என்று நேரே அங்கே போய் நிற்கிறாய். நான் 20 முதல் 28 மீற்றர் வரை தேடுவேன். சரிவு முடிந்து கல் நிலம் சேறாக மாறுகிற ஓரம் நல்லது. ஆவணி, புரட்டாதியில் இன்னும் கவனம்: பொசுபரசு கூடிப் பாசி வளர்ந்து, அது செத்து அடியில் உக்கும்போது ஆழத்துப் பிராணவாயு குறையும். 2009இல் வந்த சிம்கோ ஏரிப் பாதுகாப்புத் திட்டம் ஆழ்நீரில் லீற்றருக்கு 7 மில்லிகிராம் என்று இலக்கு வைத்ததும் இந்தக் குளிர்நீர் மீன்களை நினைத்துத்தான்.

மீன் தேடுகிற சோனார்த் திரையில் ஒன்றும் தெரியவில்லை என்கிறாய். 20 பாகைக் கதிர் 25 மீற்றரில் கிட்டத்தட்ட ஒன்பது மீற்றர் அகலத்துக்கு விரியும். நேர் கீழே அடி தெரிகிற கணத்துக்குப் பிறகுதான் ஓரத்தின் அடி தெரியும். ஓரத்தில் நிலத்தோடு ஒட்டி 35, 40 சென்ரிமீற்றருக்குள் நிற்கிற மீன் அடிக்கோட்டுக்குள் மறைந்துவிடும். சரிவில் இது இன்னும் மோசம். இந்த மீன் நிற்பதும் அந்த உயரத்தில்தானே! ஆகவே திரையில் மீன் காட்டுகிற வளைவு தேடாதே, அடிக்கோடு திடீரென்று தடித்திருந்தால் அங்கே நில்.

ஸ்பூனை அடிவரை விட்டு நான்கைந்து தரம் நிலத்தில் குத்து. சேறு புகையாகக் கிளம்பினால் அதைப் பார்க்க மீன் வரும். பிறகு ஒரு சாண் தூக்கி, ஆட்டாமல் பத்து எண்ணு. ஆட்டிக்கொண்டே இருக்கிறதுதான் உன் அடுத்த பிழை என்று நினைக்கிறேன். ஆடும்போது வரும், அசையாமல் நிற்கும்போதுதான் வாயில் எடுக்கும். நூல் செங்குத்தாக நிற்க வேண்டும். காற்று வள்ளத்தைத் தள்ளி நூல் சாய்ந்தால் நுனி சொல்வதெல்லாம் பொய். தண்ணீர்ப் பாராசூட் ஒன்று கட்டிவிடு, அல்லது ஆழத்தைப்போல் மூன்று மடங்கு கயிற்றோடு நங்கூரம் போடு.

மாட்டினபின் இழப்பதுதான் வயிற்றெரிச்சல். அதன் வாய்த்தோல் நனைந்த கடதாசி மாதிரி. இறுக்கி இழுத்தால் முள்ளு போன ஓட்டை கிழிந்து பெருக்கும், பிறகு நூல் ஒரு கணம் தளர்ந்தாலும் முள்ளு தானாக விழும். தராசைக் கொளுவி இழுத்துப் பார்த்து, 700 கிராமில் றீல் நூல் விடுகிற அளவுக்கு ட்றாகை, அதுதான் றீலின் இறுக்கத்தை, வை. வள்ளத்தைக் கண்டதும் இரண்டு மூன்று தரம் கீழே ஓடும், ஓடவிடு. வலையைத் தண்ணீருக்குள் வைத்துத் தலைப்பக்கமாகக் கோலு. நூலில் பிடித்துத் தூக்காதே.

மேலே வந்தது சிஸ்கோவோ என்று பார்த்துக்கொள், அதுவும் இதைப்போல ஒரு மீன். சிஸ்கோவின் வாய் முனையில் இருக்கும், கீழ்த்தாடை சற்று நீண்டிருக்கும். வைற்ஃபிஷுக்கு மூக்கு வாயை மூடி நிற்கும். செட்டை ஒன்று வெட்டுப்பட்டிருந்தால் அரசாங்கம் குஞ்சாக விட்டு வளர்ந்த மீன். முட்டையிடுகிற இலையுதிர் காலத்தில் சிம்கோவில் இதைப் பிடிக்க விடமாட்டார்கள். திகதியையும் எண்ணிக்கையையும் ஒன்ராறியோ மீன்பிடி விதிகளின் மண்டலம் 16 அட்டவணையில் பார்த்துவிட்டு வெளிக்கிடு. அளவு முடிந்தால் நிறுத்து. 25 மீற்றர்க் குளிரிலிருந்து ஏற்றி, சூட்டு மேல்நீரில் திருப்பி விட்டால் பிழைப்பது அரிது.

செவுளை வெட்டி வாளித் தண்ணீரில் ஐந்து நிமிடம் இரத்தம் போகவிட்டு, ஐஸும் தண்ணீரும் கலந்த பெட்டியில் போடு. தசை மிருதுவும் கொழுப்பும்; வெயிலில் கிடந்தால் மத்தியானத்துக்குள் வயிறு குழைந்துவிடும். தோலை உரிக்காமல் கொண்டு போ, என்ன மீன் என்று அதிகாரி பார்த்தால் தெரிய வேண்டும். குழம்புக்குப் போடுவதென்றால் புளி கொதித்து வற்றினபிறகு கடைசியாகப் போட்டு ஏழு நிமிடம். அகப்பை வைக்காமல் சட்டியைப் பிடித்து ஆட்டு. அகப்பை வைத்தால் பிறகு சட்டிக்குள் மீன் தேட வேண்டிவரும். என்னைக் கேட்டால் சொதிதான் இதற்குத் தோது, தேசிக்காய் கொஞ்சம் கூட விட்டு.

ஒன்று மறந்துவிட்டேன். மேல்காற்று நாளில் பாரியிலிருந்து வெளியே போவது சுகம், திரும்பி வருவது முழுக்க எதிர்த்திரை. பெற்றோலை அந்தக் கணக்கில் நிரப்பு. ஆவணி இரண்டாம் சனி வருகிறேன். மெல்லிசுத் தடி இரண்டு என்னிடம் இருக்கிறது, ஐஸ் மட்டும் நீ வாங்கி வை.

அன்புடன்,
ரவி