மூங்கில் கழியில் காய்ந்த பாவாடை

அன்பு மகள் கயலுக்கு,

நேற்று நீ தொலைபேசியில் சொன்னதிலிருந்து எனக்கு மனம் நிலைகொள்ளவில்லை. மாறன் தொடக்கநிலை 5க்கு வந்துவிட்டான், பாலியல் கல்வி தொடங்கப் போகிறது, வேண்டாமென்றால் பெற்றோர் விலக்கிக்கொள்ளலாம் என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, "ஆண் பிள்ளைக்கு இப்போதே எதற்கு?" என்று மாப்பிள்ளை யோசிக்கிறார் என்றாய். "உங்கள் விருப்பம்" என்று சொல்லிவிட்டேன். என் மனத்தில் இருந்தது அதுவல்ல. பேச வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

1996இல், இதே சிங்கப்பூரில், நம் தோ பாயோ வீட்டில் ஒரு விடியற்காலை. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டு எழுந்து வந்தேன். நீ குத்துக்காலிட்டு உட்கார்ந்து சீருடைப் பாவாடையில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாய். என்னைக் கண்டதும் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தாய். "அம்மா, எனக்கு ஏதோ நோய் வந்துவிட்டது" என்றாய். உதடு நடுங்கியது. நான் பாவாடையை வாங்கி அலசி, மூங்கில் கழியில் கோத்து, யார் கண்ணிலும் படாதபடி மற்றத் துணிகளுக்கு நடுவில் தள்ளி வைத்தேன். "சாமி அறைப் பக்கம் போகாதே" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு புளோக்கின் கீழ்த்தளத்தில் பந்தி போட்டுச் சடங்கு செய்தோம். உளுந்தங்களி, நல்லெண்ணெய், பட்டுப் பாவாடை, அத்தைமார் வரிசை எல்லாம் நடந்தது. ஊருக்கே சொன்னோம். உனக்கு மட்டும் சொல்லவில்லை. கருப்பையின் உட்சுவர் மாதந்தோறும் தடித்து, கரு தங்காதபோது உதிர்ந்து வெளியேறுவதுதான் அது, நோயல்ல என்று சொல்ல எனக்கு இரண்டு நிமிடம் போதுமாயிருந்தது. நம் வீட்டில் அதற்கு 'தூரம்' என்ற ஒரே பெயர்தான். என் அம்மா எனக்கும் அப்படித்தான். உன்னைத் தனியே பயப்பட விட்டதற்காக இன்றும் நெஞ்சு வலிக்கிறது, கண்ணு.

ஆண் பிள்ளைக்கு எதற்கு என்று மாப்பிள்ளை கேட்பது தவறான எண்ணத்தில் அல்ல. ஆனால் ஆண் பிள்ளைகளுக்கும் 9 வயதிலிருந்து 14 வயதுக்குள் உடல் மாறத் தொடங்கிவிடுகிறது. உறக்கத்தில் தானாக விந்து வெளியேறினால் நரம்புத் தளர்ச்சி என்று பயமுறுத்திக் காசு பறிக்கும் போலி வைத்தியர்கள் நம்மவர்களிடையே எத்தனை பேர்! அது இயல்பு என்று அவன் தன் அப்பா வாயால் முன்கூட்டியே கேட்கட்டும். பக்கத்து மேசைப் பெண்ணின் பாவாடையில் கறை தெரிந்தால் சிரிக்காமல் தன் குளிராடையைக் கழற்றிக் கொடுக்கவும் அவனுக்குத் தெரிய வேண்டும்.

கல்வி அமைச்சு இதைத் தனி உடற்கூறு பாடமாக வைக்கவில்லை. நட்பு, மரியாதை, 'வேண்டாம்' என்று சொல்வது, இணையத்தில் எச்சரிக்கை எல்லாம் அதோடு சேர்ந்தே வருகின்றன. எனக்கு இதுதான் மிகவும் பிடித்திருக்கிறது. போன தீபாவளிக்கு ஒரு மாமா கட்டிப்பிடிக்க வந்தபோது மாறன் பின்வாங்கினான். நான்தான் "போடா, மரியாதை இல்லையா?" என்று முதுகில் கைவைத்துத் தள்ளினேன். அந்தச் சின்ன முதுகு விறைத்தது இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. தன் உடம்புக்கு 'வேண்டாம்' சொல்லப் பெரியவர்கள் விடாத பிள்ளை, இன்னொருவர் சொல்லும் 'வேண்டாம்' என்பதை எப்படி மதிக்கும்?

கைப்பேசி கைக்கு வருவதற்கு முன் சட்டத்தையும் சொல்லிவிடுங்கள். 16 வயதுக்கு உட்பட்டவருடன் உடலுறவு கொள்வது, அவரே சம்மதித்தாலும், இங்கே குற்றம். ஒருவருடைய அந்தரங்கப் படத்தை அவர் சம்மதமில்லாமல் பரப்புவதும் 2020 முதல் தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றம். விளையாட்டாக அனுப்பினேன் என்று பிறகு அழுது பயனில்லை.

வகுப்பு இருக்கிறதே என்று நீங்கள் வாயை மூடிக்கொள்ளவும் கூடாது. ஆசிரியருக்கு முன்னால் நாற்பது பிள்ளைகள் இருப்பார்கள். உன் பிள்ளையின் முகம் சுருங்குவது உனக்குத்தான் தெரியும். கேள்வி வந்தால் உறுப்புகளின் சரியான பெயரைச் சொல். முதல் தடவை நாக்கு தடுமாறும். நான் இந்தக் கடிதத்தில் எழுதிப் பார்த்தேன், எழுத முடிகிறது.

விலக்குப் படிவத்தில் கையெழுத்திட வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் நான் கேட்டுக்கொண்டதாகச் சொல். சனிக்கிழமை மாறனை அழைத்து வா. உளுந்தங்களி கிண்டி வைக்கிறேன். இதை எதற்காக அம்மாவுக்குக் கொடுத்தீர்கள் என்று அவன் கேட்டால், இந்த முறை நான் பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா