தகரம் சரி, கொசு தப்பு

டேய் நெட்டை,

நாலு மாதமாக எழுதவில்லை, திட்டிக்கொள். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சின்னவள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

"தகரத்துக்குள்ளே கொசு" என்று என் ஹாம் ரேடியோ சிக்னலைப் பற்றி அத்தனை பேர் காதுபடச் சொன்னாயே, அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. ஆன்டெனாவை மூன்று தடவை இறக்கி ஏற்றினேன். முழங்கால் போனதுதான் மிச்சம். கோளாறு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது.

பவர் சப்ளையில் 13.8 வோல்ட் ஆடாமல் நிற்கும். அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன், முட்டாள். போன வாரம் முழு பவரில் கேரியர் (பேச்சில்லாத வெறும் அலை) கொடுத்தபடி மல்டிமீட்டரை ரிக்கின், அதாவது ரேடியோப் பெட்டியின், முதுகிலேயே வைத்தேன். 11.2! ரிக் இழுப்பது 20 ஆம்பியர். நான் போட்டிருந்ததோ மெல்லிய வயர், போக வர எட்டு மீட்டர். அதிலேயே கிட்டத்தட்ட 2 வோல்ட் காலி. மீதியைத் தின்றது ஃபியூஸ் ஹோல்டர்.

உடனே கணக்கு. வோல்ட்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப பவர், வாத்தியார் நம் காதைத் திருகிச் சொன்னது. 11.2-ஐ 13.8-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 0.66. அதாவது 100 வாட் 66 ஆகியிருக்கிறது. கண்டுபிடித்துவிட்டேன் என்று குதித்தேன். அப்புறம்தான் உறைத்தது, சிக்னல் பலத்தை ஒப்பிடும் டெசிபல் கணக்கில் அது வெறும் 1.8. வருகிற சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டரில் ஒரு படிக்கு 6 டெசிபல். உன் முள் மூன்றில் ஒரு படிகூட இறங்கியிருக்காதே!

ஆக, கொசு மாதிரி பலவீனம் இல்லை. வோல்ட்டேஜ் குறைந்ததும் கடைசி டிரான்சிஸ்டர்களுக்கு மேலே ஏற இடமில்லை. ரிக்கோ பழைய 100 வாட்டுக்கே அவற்றை விரட்டுகிறது. குரலின் உச்சியெல்லாம் மொட்டையாகிக் கரகரக்கிறது, பக்கத்து அலைவரிசையில் பேசுகிறவர்கள் மேலும் தெறிக்கிறது. நீ சொன்னதில் தகரம் சரி, கொசு தப்பு. மன்னிப்புக் கேள்.

சிரிக்காமல் ஒன்று சொல்கிறேன். 2.6 வோல்ட், 20 ஆம்பியர்: 52 வாட் மேசைக்கடியில் சும்மா சூடாகிக்கொண்டிருந்தது. கழற்றிப் பார்த்தபோது ஃபியூஸ் ஹோல்டரின் பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தது. எத்தனை ராத்திரி அதன் மேலே காலை நீட்டிக்கொண்டு பேசியிருக்கிறேன்! உன் வயரையும் இன்றே தொட்டுப் பார்.

12 வோல்ட்டுக்குக் கட்டிய உன் குட்டி டிரான்ஸ்மிட்டருக்கு 15 கொடுக்கப்போவதாகக் குண்டன் சொன்னான். வேண்டாம்டா. கிடைப்பது 2 டெசிபல், அதே மூன்றில் ஒரு படி. சப்ளையைப்போல இரண்டு மடங்கு வோல்ட்டேஜ் டிரான்சிஸ்டர் மேல் ஏறி இறங்கும். ஆன்டெனா சரியாகப் பொருந்தாவிட்டால் அதற்கும் மேலே போகும். மூன்றை ஏற்கெனவே எரித்தவன் நீ.

தடித்த வயர் போட்டாயிற்று. இப்போது அழுத்தினாலும் ரிக்கின் முதுகில் 13.4. ஞாயிறு காலை 40 மீட்டர் அலைவரிசையில் வருகிறேன். கேட்டுவிட்டுச் சொல்.

உன்,
கொசு