860 கிலோ என்று சொல்லி 610 கிலோ வண்டியைக் கொடுத்தது குறித்துப் புகார்

அனுப்புநர்: உங்கள் பிக்கப் டிரக்கைக் கடந்த மாதம் வாங்கிய வாடிக்கையாளர்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ஆறு சிலிண்டர் டர்போ பிக்கப் டிரக் – எழுத்தில் உறுதியளித்த சுமைத் திறன் இல்லாமை – மாற்று வண்டி கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். நான் வாங்கிய டிரக்கின் எஞ்சினைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த எஞ்சினின் பெருமையைச் சொல்லி எனக்கு விற்கப்பட்ட வண்டியைப் பற்றியதே என் புகார். ஆட்களும் சரக்குமாக 860 கிலோ ஏற்றலாம் என்று வாங்குவதற்கு முன் எழுத்தில் உறுதியளிக்கப்பட்ட வண்டி, கைக்கு வந்தபோது 610 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாத வண்டியாக இருக்கிறது.

பன்னிரண்டு ஆண்டுகள் டர்போ இல்லாத வி8 (எட்டு சிலிண்டர்) டிரக் ஒன்றை வைத்திருந்த நான், ஆறு சிலிண்டருக்கு மாறுவது குறித்து அவசரப்பட்டு முடிவெடுக்கவில்லை. நாங்கள் கேரவனை, அதாவது டிரக்கின் பின்னால் கோத்து இழுக்கும் வீட்டு வண்டியை, இழுத்துச் செல்லும் வழிகளில் பாதிக்கு மேல் மலைப் பாதை. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு திறனை இழந்துவிடும் என்பதை ஒவ்வொரு ஏற்றத்திலும் என் கால் உணர்ந்திருக்கிறது. எஞ்சின் வெளியே தள்ளும் புகையின் விசையிலேயே சுழன்று காற்றை அமுக்கி உள்ளே செலுத்தும் டர்போ, அந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடுகிறது. எஞ்சினை அலறவிடாமல் குறைந்த ஆர்பிஎம்மிலேயே இழுக்கும் வலுவையும் தருகிறது. ஃபோர்டு எஃப்-150இல் 3.5 லிட்டர் இரட்டை டர்போ வி6 எஞ்சின் 2011 மாடலிலேயே வந்துவிட்டது; டொயோட்டா டண்ட்ராவும் 2022 மாடலில் வி8ஐக் கைவிட்டு 3.4 லிட்டர் இரட்டை டர்போ வி6க்கு மாறியது. ஆகவே இது சோதனை முயற்சி அல்ல என்ற தெளிவோடுதான் உங்கள் ஷோரூமுக்கு வந்தேன்.

டெஸ்ட் டிரைவில் வண்டி பாய்ந்து சென்றது உண்மை. ஆனால் வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்து, சுமை ஏற்றினால் அது எப்படி இருக்கும் என்று கண்டுகொள்ள முடியாது என்பதால், பணம் கட்டுவதற்கு முன்பே உங்கள் விற்பனைப் பிரதிநிதிக்கு மின்னஞ்சலில் மூன்று எடைகளை எழுதி அனுப்பினேன்: பொருட்களோடு கேரவனின் எடை 3,200 கிலோ, டிரக்கின் பின்புற இழுவைக் கொக்கியின் மேல் அது அழுத்தும் எடை 390 கிலோ, வண்டிக்குள் நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து 260 கிலோ. இரண்டாவது எண் என் ஊகமன்று. கேரவனின் முன்கால் மட்டும் எடைமேடையில் நிற்குமாறு நிறுத்தி எடுத்த எடை அது. நான் தேர்ந்தெடுத்த மாடல் 5,000 கிலோ வரை இழுக்கும், 860 கிலோ சுமக்கும், ஆகவே தாராளமாகப் போதும் என்று மறுநாளே பதில் வந்தது.

டெலிவரி எடுத்த பத்தாம் நாள், முதல் பயணத்துக்கு முன்பு டயரில் எவ்வளவு காற்று அடைக்க வேண்டும் என்று பார்ப்பதற்காக ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தேன். நடுத்தூணில், இருக்கைப் பட்டைக்குக் கீழே, உள்ளங்கையளவு ஸ்டிக்கர் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. டயர் அளவுக்கும் காற்றழுத்தத்துக்கும் மேலே, ஆட்களும் சரக்கும் சேர்ந்து 610 கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதில் அச்சிட்டிருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தேன். எண் மாறவில்லை.

கணக்கு மிக எளிது. கொக்கியின் மேல் விழும் எடை, டிரக் சுமக்கும் எடையோடு சேர்த்தே எண்ணப்பட வேண்டியது. கேரவன் போன்ற டிரெய்லர் நிலையாக ஓட வேண்டுமானால் அதன் எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியில் இருந்தாக வேண்டும் என்பதால், அதைக் குறைக்கவும் வழியில்லை. 390ம் 260ம் 650 கிலோ. எடையைச் சமமாகப் பரப்பும் கொக்கிச் சட்டத்துக்கு இன்னொரு 45 கிலோ. ஆக 695. வரம்பைவிட 85 கிலோ அதிகம், அதுவும் பின்தொட்டியில் ஒரு கருவிப்பெட்டிகூட வைக்காமலே. சொன்னபடி 860 கிலோவாக இருந்திருந்தால் 165 கிலோ மிச்சம் இருந்திருக்கும்.

இதை உங்கள் சேவை மையத்தில் கேட்டபோது, விளம்பரக் கையேட்டில் "வரை" என்று போட்டிருப்பதைச் சுட்டிக்காட்டினார்கள். 860 கிலோ என்பது அந்த வரிசையிலேயே மிகக் குறைந்த வசதிகள் கொண்ட மாடலுக்கு உரியதாம். அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் வருவதே சுமைத் திறன் என்பதால், கண்ணாடிக் கூரை, மின்விசையில் இறங்கும் படிகள், மோட்டார் வைத்த தோல் இருக்கைகள் என்று உங்கள் பிரதிநிதி ஒவ்வொன்றாகப் பரிந்துரைத்துச் சேர்த்த வசதிகள் அனைத்தும் என் சுமையிலிருந்தே கழிக்கப்பட்டிருக்கின்றன. இந்த விளக்கத்தில் பிழையில்லை. அது பணம் கட்டிய பிறகு சொல்லப்பட்டதுதான் பிழை. நான் கேட்டது அந்த வரிசையின் உச்ச அளவை அன்று. நான் வாங்கவிருந்த வண்டியின் அளவை. "வரை" என்ற ஈரெழுத்துச் சொல்லுக்குள் 250 கிலோவை ஒளித்துவைக்க முடியும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பின்புறம் காற்றுப்பை ஸ்பிரிங் பொருத்திக்கொண்டால் போதும் என்று அங்கேயே ஓர் ஆலோசனையும் கிடைத்தது. காற்றுப்பை வண்டியின் பின்பகுதி தாழாமல் தூக்கி நிறுத்துமே தவிர, அச்சு, பிரேக், டயர் ஆகியவற்றுக்காக நீங்களே வகுத்த எடை வரம்பைக் கூட்டாது. வாகனம் தயாரிக்கும் நிறுவனத்தின் சேவை மையமே இப்படிச் சொன்னதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம். சுமையோடு ஏறும்போதும் எரிபொருள் மிச்சமாகும் என்று விற்பனையில் சொன்னதும் பொருந்தாத பேச்சு. டர்போ முழு வீச்சில் காற்றைத் தள்ளும்போது அதற்கேற்ற எரிபொருளும் செலவாகத்தான் செய்யும். இதை நான் முன்பே அறிந்திருந்ததால் புகாராக எழுப்பவில்லை.

ஆகவே, இதே எஞ்சினுடன் கதவோர ஸ்டிக்கரில் குறைந்தது 860 கிலோ என்று அச்சிட்ட வண்டியை எனக்கு மாற்றித் தர வேண்டும். இயலாவிட்டால் வண்டியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, கூடுதல் வசதிகளுக்காக வாங்கிய தொகை உட்பட நான் கட்டிய முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். இலவச சர்வீஸ், பரிசுக் கூப்பன் போன்றவற்றை இதற்கு ஈடாக ஏற்க மாட்டேன். இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் உங்கள் முடிவை எழுத்தில் தெரிவிக்க வேண்டும்; தவறினால் நுகர்வோர் குறைதீர் அமைப்பில் முறையிடுவேன். அதுவரை வண்டி என் வீட்டு வாசலில், கேரவன் கோக்கப்படாமல் நிற்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: விற்பனைப் பிரதிநிதியுடனான மின்னஞ்சல் நகல், எடைமேடைச் சீட்டு, கதவோர ஸ்டிக்கரின் புகைப்படம்.