இரைச்சல் என்று தள்ளியவையும் சேகரிக்கத் தக்கவையே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய இசைத்தட்டுச் சேகரிப்பாளர்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். நாதசுரத்துக்கும் பழைய திரைப்பாடல்களுக்கும் அதில் தரப்பட்டிருக்கும் மதிப்பில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மின்னணு இசையையும் மெட்டல் என்னும் கனத்த மின்கிதார் இசையையும் வீடியோ கேம் இசையையும் சேர்த்துவைக்கத் தேவையில்லாத இரைச்சல் என்று ஒரே வரியில் ஒதுக்கியிருப்பதை ஏற்க இயலவில்லை. பாளையங்கோட்டையில் என் வீட்டு மாடியறையை நிறைத்திருப்பவை அந்த மூன்றும்தான்.

மெட்டல் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில் மகுடம் என்னும் தோற்கருவியையும் நையாண்டி மேளத்தையும் விடிய விடியக் கேட்டு வளர்ந்த நம் பக்கத்து ஆட்கள் இன்னொரு இசையைச் சத்தம் என்று குறைகூறுவது வேடிக்கைதான். இங்கிலாந்தின் பர்மிங்காம் தொழிற்சாலையில் விரல் நுனிகளை இழந்த கிதார் கலைஞர் டோனி அயோமி, செயற்கை நுனிகளைப் பொருத்திக்கொண்டு, அழுத்துவதற்கு எளிதாகக் கம்பிகளைத் தளர்த்திச் சுருதியை இறக்கினார் என்பதும், மெட்டலின் முன்னோடியான அவரது பிளாக் சபாத் குழுவின் கனத்த ஒலிக்கு அது ஒரு காரணம் என்பதும் தெரிந்தால், கட்டுரையாளர் சற்றுப் பொறுமையோடு கேட்டிருப்பார்.

மின்னணு இசையில் நம் நாட்டுச் சான்றே இருக்கிறது. மும்பைத் திரையிசைக் கலைஞரான சரண்ஜித் சிங், 1982-இல் ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303 என்ற மின்னணு பேஸ் கருவி, டிஆர்-808 என்ற மின்னணுத் தாளக் கருவி ஆகியவற்றைக் கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து ஒரு இசைத்தட்டு வெளியிட்டார். அன்று அதைப் பொருட்படுத்தியவர்கள் மிகக் குறைவு. டச்சுச் சேகரிப்பாளர் ஒருவர் கையில் ஒரு பிரதி கிடைத்ததால்தான் அது 2010-இல் மறுபடி வெளிவந்து உலகெங்கும் பேசப்பட்டது.

நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது வீடியோ கேம் இசையைப் பற்றியே. நிண்டெண்டோ 1983-இல் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற வீடியோ கேம் கருவியின் ஒலிப்பகுதியில் இருந்தவை ஐந்தே தடங்கள்: சதுர அலைக்கு இரண்டு, முக்கோண அலைக்கு ஒன்று, இரைச்சலுக்கு ஒன்று, சிறு ஒலித்துணுக்குகளுக்கு ஒன்று. இசையமைப்பாளர் கோஜி கோண்டோ 1985-இல் மாரியோ விளையாட்டுக்கு அமைத்த மெட்டுகள் இதற்குள்தான் பிறந்தன. அந்த விளையாட்டு அடங்கிய கேசட்டுக்குள் பதிவுசெய்த பாட்டு எதுவும் கிடையாது. எந்தச் சுரத்தை எப்போது எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்ற கட்டளைகள் மட்டுமே உண்டு. ஒவ்வொரு முறையும் கருவியில் உள்ள ஒலிச் சில்லுதான் புதிதாக வாசிக்கிறது. ஆகவே கருவி பழுதாகிப் போனால், வாசிக்கும் வாத்தியமே போய்விட்டது என்று பொருள்.

தொண்ணூறுகளில் நம் ஊர்ப் பிள்ளைகள் தொலைக்காட்சியில் இணைத்து ஆடியவை பெரும்பாலும் ஜப்பானியக் கருவிகள் அல்ல, அவற்றின் நகல்கள். அத்தகைய நகல் சில்லுகள் பலவற்றில் சதுர அலையின் அகலத்தைத் தீர்மானிக்கும் கட்டளைகளில் இரண்டு இடம் மாறிக் கிடந்தன. அதனால் மெட்டும் சுருதியும் மாறாமலே, திரண்டு ஒலிக்க வேண்டிய இடம் மெலிந்தும் மெலிய வேண்டிய இடம் திரண்டும் கேட்டன. என்னிடமுள்ள கருவியும் அவ்வகையே. ஜப்பானில் வெளியான குறுந்தகடுகளை என்ன விலை கொடுத்து வாங்கினாலும் நெல்லையின் மேலப்பாளையத்திலும் பேட்டையிலும் அன்று ஒலித்த அந்தத் தொனி அவற்றில் இராது. மூல ஒலியைக் காக்க உலகெங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். நகலின் ஒலியைக் காக்க, அதைக் கேட்டு வளர்ந்த நம்மைத் தவிர வேறு யார் வரப்போகிறார்கள்?

2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு தாமிரபரணி ஆற்றோரத் தெருக்களில் சேறு அப்பிய மின்சாதனங்கள் குவிந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு, இவை எவ்வளவு எளிதில் பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேரும் என்பது தெரியும். எனவே, பரணில் இத்தகைய கருவியோ கேசட்டோ வைத்திருக்கும் வாசகர்கள், அதை எடைக்குப் போடுவதற்கு முன், பழைய அடாப்டரை அப்படியே செருகிவிடாமல், ஒரு மெக்கானிக்கிடம் காட்டிச் சரிபார்த்து, ஆடியோ வயர் வழியாகக் கணினியில் ஒலியைச் சுருக்காமல் பதிவுசெய்துவைக்கும்படி தங்கள் இதழ் மூலம் கேட்டுக்கொள்கிறேன். சேகரிப்பாளர்களைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது இவர்களையும் நேரில் சந்தித்து எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பாளையங்கோட்டை.