ஊருணிக்கு எந்தத் தலைப்பில் பணம்?

காரைக்குடி

அன்புள்ள சொக்கலிங்கத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததை அறிந்து நிம்மதி அடைந்தேன். இங்கே அனைவரும் நலம். பேத்தி அழகப்பா பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கிறாள் என்பதைத் தவிர வீட்டில் புதிய செய்தி ஏதும் இல்லை. ஆகவே நீ கேட்ட கேள்விக்கே வந்துவிடுகிறேன். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது, ஊராட்சிக்கு நேரடியாகப் பணம் வருகிறது, அப்படியிருந்தும் ஊருக்கு வேண்டிய வேலை மட்டும் ஏன் தள்ளிக்கொண்டே போகிறது என்று கேட்டிருந்தாய். வங்கியில் காலம் கழித்த உனக்குக் கணக்கு புரியும். நில அளவையில் காலம் கழித்த எனக்குப் புலப்படம் புரியும். இந்தக் கேள்விக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது.

முதலில் சபையைச் சொல்கிறேன். எங்கள் ஊராட்சியின் மக்கள்தொகை மூவாயிரத்துக்குள் என்பதால் 100 பேர் வந்தால்தான் சபை செல்லும். நூறு நாள் வேலைக்கு வரும் பெண்கள் இல்லாவிட்டால் அந்த எண்ணிக்கை ஒருபோதும் நிறையாது. வந்து உட்கார்பவர்களும் அவர்கள்தாம், பேசுபவர்களும் அவர்கள்தாம். சென்ற சபையில் அவர்களில் ஒரு மூதாட்டி எழுந்து, குழாய்த் தண்ணீர் இரண்டு நாள் நின்றால் ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறது, ஊருணிக்குத் தண்ணீர் வர வழி செய்யுங்கள் என்றார். எவரும் மறுக்கவில்லை. ஆனால் தீர்மானப் புத்தகத்தில் அது "ஊருணி தூர்வாருதல்" என்று ஏறியது. கேட்டது தண்ணீர் வரும் வழி. எழுதியது மண் எடுக்கும் வேலை. எழுதியவர்மீது எனக்குக் குறையில்லை. 2021 முதல் 2026 வரைக்கான பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே என்று ஒதுக்கப்பட்டது. மீதி 40 விழுக்காடுதான் ஊராட்சியின் விருப்பத்துக்கு விடப்பட்டது. ஊராட்சிகளுக்கான இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் திட்டத்தைப் பதிவேற்றும்போது ஒவ்வொரு பணியும் ஏதேனும் ஒரு நிதித் தலைப்பின்கீழ் உட்கார வேண்டும். தூர்வாருதல் உட்கார்ந்துவிடும். நான்கு கிலோமீட்டர் தள்ளி, பக்கத்து ஊராட்சியின் எல்லைக்குள் அடைபட்டுக் கிடக்கும் வரத்துக்கால், அதாவது ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய், எந்தத் தலைப்பிலும் உட்காராது.

அந்த வரத்துக்காலைப் புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து பார்த்தேன். நம் சீமையில் ஆறு என்று சொல்ல அதிகமில்லை. மேட்டுச் செம்மண்ணில் விழும் மழையை ஓடை வழியே கண்மாய்க்கும், கண்மாய் நிறைந்து கலுங்கு என்னும் உபரிநீர்ப் போக்கி வழியே அடுத்த கண்மாய்க்கும், இடையில் ஊருணிக்கும் இறக்கிக்கொண்டு போனதால்தான் இத்தனை ஊர்கள் உண்டாயின. இன்று 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள கண்மாய் நீர்வளத்துறையிடம் இருக்கிறது. அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம். ஊருணி கிராம ஊராட்சியிடம். இவற்றை இணைக்கும் ஓடைப் புறம்போக்கோ வருவாய்த்துறையின் பதிவேட்டில். ஒரே மழைத்தண்ணீர் நான்கு கோப்புகளில் ஓடுகிறது. நான் நடந்த வழியில் இரண்டு இடங்களில் சீமைக்கருவேலம் கால்வாயையே மறைத்திருந்தது; ஓரிடத்தில் மனைப்பிரிவுக்காரர்கள் கல் நட்டிருந்தார்கள். இவையெல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, புதிதாகப் போட்ட சாலைக்கு அடியில் இருந்த குழாய்ப்பாலம். குழாயின் அடிமட்டம் கால்வாய்த் தரையைவிட ஏறத்தாழ ஒன்றரை அடி உயரத்தில் இருக்கிறது. மேல்பக்கம் குட்டை போலத் தண்ணீர் நின்று பாசி பிடித்திருக்கிறது. கீழ்ப்பக்கம் கால்வாய்த் தரை காய்ந்து வெடித்திருக்கிறது. சாலை போட்டவர்களின் கணக்கில் பணி குறையின்றி முடிந்திருக்கும். சாலை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் குழாய் அங்கே அப்படியே இருக்கும்வரை கீழே உள்ள ஊருணியை எத்தனை முறை தூர்வாரினாலும், செம்புராங்கல் படிகளுக்குச் சுண்ணாம்பு அடித்து அழகு பார்க்கலாமே தவிர, தண்ணீர் வந்து சேராது.

காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிறதே, 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று வீட்டுக்கு வீடு குழாயும் வைத்தாயிற்றே, இனி ஊருணி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. குழாய் வந்தது பெரிய நன்மை. நம் தாய்மார் சுமந்த குடங்களை நினைத்தால் அதை எவனும் குறை சொல்ல மாட்டான். ஆனால் ஆடு மாடு குடிப்பதும், தெருக்கிணறுகளில் ஊற்று நிற்பதும் ஊருணியால்தான். ஒரு தேவைக்கு வழி செய்துவிட்டோம் என்பதற்காக மற்றவற்றைத் திட்டத்திலிருந்தே எடுத்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதில் எனக்கு உள்ள வருத்தம், எப்படித் திட்டமிடுவது என்று நம் பகுதிக்கு யாரும் வெளியிலிருந்து வந்து கற்பிக்க வேண்டியதில்லை என்பதுதான். நாம் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் குன்றக்குடியில் மடத்துத் தலைவர் அடிகளார் செய்ததை நீயும் கண்ணால் பார்த்தவன். 1970களின் பிற்பகுதியில் ஊர் மக்களையும் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்து விஞ்ஞானிகளையும் ஒரே பாயில் உட்காரவைத்து, ஊரில் என்ன இருக்கிறது, எவருக்கு வேலை இல்லை, எந்த நிலம் சும்மா கிடக்கிறது என்று கேட்டு, அதன்பின் கூட்டுறவாகத் தொழில்களைத் தொடங்கினார். திட்டக்குழு வரைக்கும் பேசப்பட்ட முயற்சி அது. அங்கே கேள்வி முதலில் வந்தது, பணம் பிறகு வந்தது. இன்று பணம் தலைப்போடு வந்து இறங்குகிறது, அதற்கேற்ற தேவையை நாம் தேட வேண்டியிருக்கிறது. அடிகளாரைப் போல் ஒருவர் ஊருக்கு ஊர் கிடைக்கமாட்டார் என்பது உண்மைதான். அதற்காகத்தானே ஊராட்சிச் சட்டம் என்று ஒன்று போட்டோம்?

எதை அலகாகக் கொள்வது என்பதும் சின்ன விஷயம் இல்லை. 2006 முதல் 2011 வரை நடந்த அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்கு 20 இலட்சம் ரூபாய் என்று கொடுத்தார்கள். நான்கு குக்கிராமம் உள்ள ஊராட்சிக்கும் அதே தொகை, இருபது உள்ள ஊராட்சிக்கும் அதே தொகை. அடுத்து வந்த 'தாய்' என்ற ஊரகக் குடியிருப்பு மேம்பாட்டுத் திட்டம் குக்கிராமத்தை அலகாக எடுத்துக்கொண்டது. சிதறிக் கிடக்கும் நம் ஊர்களுக்கு அது பொருத்தமாக இருந்தது என்பது என் எண்ணம். கட்சி பார்த்துச் சொல்லவில்லை, உனக்கு என்னைத் தெரியும். மக்கள்தொகைக் கணக்கோ இன்னமும் 2011ஆம் ஆண்டினதுதான். பூட்டிய வீடுகளின் எண்ணிக்கையும், தனியாக இருக்கும் முதியவர்களின் எண்ணிக்கையும் அதன்பின் எவ்வளவு மாறியிருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் நகரத்தார் கோவில்களில் குடும்பங்களைப் பதிந்து புள்ளி எழுதும் கணக்கு இதைவிடப் புதியது.

காரைக்குடி 2024இல் மாநகராட்சியானதும், கோட்டையூரும் கண்டனூரும் அதற்குள் போனதும் நீ அறிந்ததே. அத்தோடு சேர்ந்த கிராம ஊராட்சிகளில் நூறு நாள் வேலையும் கிராம சபையும் இல்லாமல் போனது குறித்து மனத்தாங்கல் இருக்கிறது. அது தனிக் கடிதம் எழுத வேண்டிய விஷயம்.

இனி நான் செய்ய நினைப்பதைச் சொல்கிறேன். அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் மாவட்டத் திட்டக் குழு ஒன்றை வைக்கச் சொல்கிறது. ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் பொதுவான காரியங்களை, தண்ணீரைப் பகிர்வது உட்பட, அது கருத்தில் கொள்ள வேண்டும் என்று அந்தப் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும். ஊராட்சிகளுக்கு 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்களிடம் போயின. ஆகவே அந்தக் கதவை இப்போது தட்டிப் பயனில்லை. ஆனால் கிராம சபைக்குப் பதவிக்காலம் கிடையாது. எங்கள் ஊராட்சியும் பக்கத்து ஊராட்சியும் ஜனவரி 26ஆம் தேதிச் சபையில் ஒரே வாசகமுள்ள தீர்மானத்தை நிறைவேற்றினால், வரத்துக்கால் முழுவதையும், அந்தக் குழாய்ப்பாலத்தையும் சேர்த்து, ஒரே பணியாக எடுத்துக்கொள்ளும்படி ஆட்சியரிடம் கேட்கலாம். பக்கத்து ஊர்ப் பெரியவர்கள் இருவரிடம் பேசியாயிற்று. ஒருவர் சம்மதித்தார், மற்றவர் தம் ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் குறைந்துவிடுமோ என்று தயங்குகிறார். அவர் தயக்கத்திலும் நியாயம் இருக்கிறது. கலுங்கின் மட்டத்தை அவர் முன்னிலையிலேயே அளந்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

புல எண்களும் நீளமும் நான் எழுதிவிடுவேன். செலவுக் கணக்கை எந்த நிதியில் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் பகுதிக்கு உன் கை வேண்டும். வரைவை இத்துடன் வைத்திருக்கிறேன். திருத்தி, சபைக்கு ஒரு வாரம் முன்னதாகக் கிடைக்கும்படி அனுப்பு. கண்ணுக்குச் சிரமம் என்றால் உன் மகனிடம் சொல்லி எழுதச் சொல். ஆச்சிக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
இராமநாதன்