புது மிஷின் இப்போ வேணாம்டா கண்ணா

கண்ணா,

நேத்து போன்ல நீ பேசினதே மனசுல ஓடிட்டு இருக்கு. இன்னைக்கும் வெறும் ஆணியும் ஈயக்குண்டும்தான்மா, தங்கம் தேடுற இந்த டிடெக்டர் சரியில்ல, இதைக் குடுத்துட்டு பெரிய மிஷினா ஒண்ணு வாங்கிடலாம்னு இருக்கேன்னு சொன்னல்ல, நீ ரொம்ப டயர்டா இருந்த, அதான் அப்போ ஒண்ணும் சொல்லல, இப்போ நிதானமா எழுதுறேன். வாங்காதடா. காசுக்காக சொல்லல, நீ சம்பாதிக்கிற, உன் இஷ்டம். உன் காது இன்னும் இந்த மிஷினுக்கே பழகல, காது பழகாம எத்தனை பெரிய மிஷின் வாங்கினாலும் அது கத்துறது உனக்கு வெறும் சத்தமாத்தான் இருக்கும்.

முதல்ல அந்த ஈயக்குண்டு. அதைப் பாத்து சலிச்சுக்கிறியே, எனக்கு அதைக் கேட்டதும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. மிளகு சைஸ்ல இருக்கிற ஈயக்குண்டு உன் மிஷினுக்குக் கேக்குதுன்னா அதே சைஸ் தங்கமும் கேக்கும், ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் சத்தம் குடுக்கும். இன்னொண்ணும் இருக்கு, ஈயமும் வெயிட்டு, தங்கம் அதைவிட வெயிட்டு. ஈயம் தண்ணியைவிட பதினோரு மடங்கு, தங்கம் 19.3 மடங்கு, சாதாரண வெங்கச்சாங்கல் 2.65தான். ஓடையில தண்ணி வேகமா வரும்போது கல்லு மண்ணெல்லாம் உருண்டு போயிடும், வெயிட்டானது மட்டும் வேகம் குறையிற இடத்துல, வளைவோட உள்பக்கம், அடிப்பாறை வெடிப்புல போய் உக்காந்துக்கும். அதனால ஓடையில பழைய ஈயக்குண்டு ரெண்டு மூணு ஒரே இடத்துல கிடைச்சா அங்கிருந்து கிளம்பாத, அந்த வெடிப்பை சுரண்டி சுத்தமா எடுத்துட்டு மறுபடி காயிலை, அதான் மிஷினோட அடியில இருக்கிற தட்டை, ஓட்டு.

சரி, மிஷின் விஷயத்துக்கு வர்றேன். உன்கிட்ட இருக்கிறது விஎல்எஃப், அதாவது வெரி லோ ஃப்ரீக்வென்சி, அது மண்ணுக்குள்ள விடாம ஒரு அலையை அனுப்பிட்டே இருக்கும், உலோகத்துல பட்டு திரும்பி வர்ற அலை எவ்வளவு பிந்தி வருதுன்னு பாக்கும், அதை வச்சுத்தான் இது இரும்பா இல்லையான்னு ஓரளவு சொல்லுது. உன்னோடது 45 கிலோஹெர்ட்ஸ், அவ்வளவு ஹை ஃப்ரீக்வென்சிங்கிறதே சின்னச் சின்ன தங்கத்துக்காகத்தான். மேலாப்ல கிடக்கிற பொடித் தங்கத்துக்கு அது நல்ல மிஷின்டா. நீ வாங்கணும்னு சொல்றது பிஐ, அதாவது பல்ஸ் இண்டக்ஷன், அது பல்ஸை படக்னு அனுப்பிட்டு நிறுத்திடும், உலோகத்துக்குள்ள கிளம்பின கரண்ட் எப்படி அடங்குதுன்னு அந்த நிறுத்தத்துல கேக்கும். அதனாலதான் இரும்பு கலந்த செம்மண்ணுல விஎல்எஃப் திணறுற இடத்துல பிஐ ஆழமா போகுது. 1995ல மைன்லேப் கம்பெனி எஸ்டி2000ன்னு ஒரு பிஐ மிஷின் விட்டாங்க, புரூஸ் கேண்டிங்கிறவர் டிசைன், அதுக்கப்புறம்தான் ஆஸ்திரேலியாவுல எல்லாரும் தேடி முடிச்சாச்சுன்னு விட்டுட்டுப் போன இடத்துல மறுபடி நக்கெட், அதாவது தங்கக் கட்டி, எடுக்க ஆரம்பிச்சாங்க. பிஐ மேல எனக்கு மரியாதை நிறையவே இருக்கு, நானும் அப்பாவும் அதைத்தான் தூக்கிட்டு அலையிறோம். ஆனா அது இரும்பு எது தங்கம் எதுன்னு நம்பி விடுற அளவுக்கு பிரிச்சு சொல்லாது. சத்தம் வந்தா தோண்டியே ஆகணும். இப்போ தோண்டுற ஆணியே உனக்கு அலுப்பா இருக்குன்னா அதுல இன்னும் ஆழத்துல இருந்து இன்னும் நிறைய ஆணி வரும், அந்தப் பொறுமையை இந்த மிஷின்லயே பழகிட்டுப் போயேன்.

போன மாசம் நீ அனுப்பின வீடியோவை நானும் அப்பாவும் திரும்பத் திரும்ப பாத்தோம். நீ ரொம்ப வேகமா ஆட்டுறடா. ரெண்டு பக்கமும் முடியிற இடத்துல காயில் மேல தூக்கிட்டுப் போகுது பாரு, அங்க மூணு நாலு விரல்கடை ஆழம் அப்படியே போச்சு. தரையை உரசுற மாதிரி, மட்டமா, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே உயரத்துல போகணும். அடுத்த அடி வைக்கும்போது முன்னாடி ஓட்டின இடத்துல பாதி மேலயாவது மறுபடி காயில் படணும், ஏன்னா ஆழத்துல போகப் போக காயிலோட பார்வை குறுகிடும், ஓரத்துல இருக்கிறது தெரியாது. கிரவுண்ட் பேலன்ஸ், அதாவது மண்ணோட சத்தம் வராம மிஷினை அந்த மண்ணுக்குப் பழக்குறது, காலையில ஒரு தடவை பண்ணிட்டு விட்டுடக்கூடாது, மண்ணு நிறம் மாறினா, ஓடையிலிருந்து மேட்டுக்கு ஏறினா, சத்தம் கரகரன்னு ஆனா காயிலை மேலயும் கீழயும் ஆட்டி திரும்பப் பண்ணு, ஆட்டோவா இருந்தாலும் அது செட் ஆகுற வரைக்கும் நின்னு அப்புறம் நட. போனை பாக்கெட்ல வச்சுக்காத, பையில போட்டு தள்ளி வை. ஷூல இரும்பு தொப்பி இருக்கக்கூடாது, தோண்டுற கையில மோதிரம் வாட்ச் எதுவும் வேணாம்.

ஹெட்போன் போட்டுத்தான் கேக்கணும், ஸ்பீக்கர்ல வேணவே வேணாம். தங்கம் எல்லா நேரமும் கத்தாது. மேலாப்ல இருக்கிற டின்னு மூடிதான் கத்தும். ஆழத்துல இருக்கிற தங்கம் ஹெட்போன்ல விடாம ஓடுற அந்த மெல்லிசான ஹம் இருக்கு பாரு, அதுல ஒரு சின்ன நெளிவு, மூச்சு விடுற மாதிரி, அவ்வளவுதான். அந்த இடத்துல நின்னு குறுக்க ஒரு தடவை ஓட்டு, நெடுக்க ஒரு தடவை ஓட்டு. ரெண்டு பக்கமும் அதே இடத்துல அதே மாதிரி வந்தா தோண்டு. ஒரு பக்கம் மட்டும் வந்து, காயிலைக் கொஞ்சம் தூக்கினதும் பட்டுனு காணாம போச்சுன்னா பெரும்பாலும் சூடுகல்லா இருக்கும், அதாவது சுத்தியிருக்கிற மண்ணைவிட இரும்பு அதிகமா இருக்கிற கல்லு. பெரும்பாலும்னுதான் சொல்றேன், சந்தேகமா இருந்தா மேல் மண்ணைக் காலால தள்ளிட்டு மறுபடி கேளு, சத்தம் ஏறுச்சுன்னா உள்ள ஏதோ இருக்கு. இரும்புச் சத்தத்தை மிஷினே அமுக்கிடுற டிஸ்கிரிமினேஷனை இப்போதைக்குத் தொடவே தொடாத. இரும்பு மண்ணுல கிடக்கிற சின்ன தங்கம் இரும்பு மாதிரியே காட்டும், மிஷின் அதை மறைச்சிடும், உனக்குத் தெரியவே தெரியாது.

தோண்டும்போது பிக்காசை சத்தம் வர்ற இடத்துமேலயே போடாத, கொஞ்சம் தள்ளிப் போட்டு நெம்பு. போன மழைக்காலத்துக்கு அப்புறம் நான் எடுத்தது ஞாபகம் இருக்கா, போட்டோ அனுப்பினேனே. சிக்னல் குழியை விட்டு வெளிய வந்து மண்ணுல இருக்குன்னு தெரிஞ்சதும் பிளாஸ்டிக் ஸ்கூப்ல பாதி அள்ளி காயில் மேல காட்டினேன், சத்தமில்ல, கீழ கொட்டிட்டு மீதியை அள்ளினேன், கணீர்னு வந்துச்சு. அதுல பாதியை உள்ளங்கையில கொட்டி காட்டினேன், இல்ல. மீதியை ரெண்டாக்கினேன். கடைசியில கையில ஒரு சிட்டிகை செம்மண்ணுதான், கண்ணுக்கு ஒண்ணும் தெரியல, மேக்னெட்டை கிட்ட கொண்டுபோனேன், கருமணல் மட்டும் ஒட்டுச்சு, மத்தது அசையல. தண்ணி ரெண்டு சொட்டு விட்டு கட்டை விரலால தேய்ச்சப்போ மஞ்சளா ஒரு மூலை தெரிஞ்சுது பாரு, சுண்டு விரல் நகத்துல பாதி இருக்கும், ஒரு பக்கம் வெங்கச்சாங்கல் இன்னும் ஒட்டிட்டு முள்ளு முள்ளா இருந்துச்சு. அந்த முள்ளைத்தான் நீ கவனிக்கணும். ஓடையில ரொம்ப தூரம் உருண்டு வந்ததுன்னா வழவழன்னு இருக்கும், முள்ளா இருந்தா அது பொறந்த பாறை பக்கத்துலயேதான் இருக்கு, மேட்டுப்பக்கம் ஏறித் தேடணும். நாங்க ஏறினோம், இன்னும் கிடைச்சுது.

சாதாரண மிஷினால ஒண்ணும் ஆகாதுங்கிறியே, 1989ல மெக்சிகோவுல சொனோரா பாலைவனத்துல ஒருத்தர் ரேடியோ ஷாக் கடையில வாங்கின டிடெக்டரை வச்சுத்தான் ஏறக்குறைய 12 கிலோ கட்டியை எடுத்தார், பூட்ஸ் மாதிரி இருக்கும் அது, பூட் ஆஃப் கோர்டெஸ்னு தேடிப் பாரு. 1980ல ஆஸ்திரேலியாவோட விக்டோரியா மாநிலத்துல கிங்கோவர் பக்கம் கெவின் ஹில்லியர் எடுத்த ஹேண்ட் ஆஃப் ஃபெய்த் 27 கிலோ, டிடெக்டர்ல கிடைச்சதுலயே அதுதான் பெருசு, அதுவும் எஸ்டி2000 வர்றதுக்கு பதினஞ்சு வருஷம் முன்னாடி. டிடெக்டரே இல்லாத காலத்துல, 1869ல அதே விக்டோரியாவுல மோலியகல்ல ஜான் டீசனும் ரிச்சர்ட் ஓட்ஸும் எடுத்த வெல்கம் ஸ்ட்ரேஞ்சர் மண்ணுக்குக் கீழ சில சென்டிமீட்டர்லதான் கிடந்துச்சு. சுத்தத் தங்கமே 70 கிலோவுக்கு மேல, தராசுல வைக்க முடியாம உடைச்சுத்தான் எடை போட்டாங்க. விக்டோரியாவுல 1851லிருந்து கூட்டம் கூட்டமா ஜனங்க தோண்டிட்டு இருந்திருக்காங்க, அப்படியும் அது பதினெட்டு வருஷம் அங்கேயே கிடந்திருக்கு. அந்த மாதிரி கட்டி நமக்குக் கிடைக்கும்னு ஆசை காட்ட இதை எழுதல. எடுத்தவங்க எல்லாரும் தங்கம் இருக்கிற மண்ணுல நின்னாங்க, அதுதான் முக்கியம். நீ வாராவாரம் போற அந்த மைதானத்தோரம் யாராவது எப்பவாவது தங்கம் எடுத்ததா ரெக்கார்டு இருக்கா? பழைய ஜியாலஜி மேப் எடு, அந்தக் காலத்து ஆளுங்க தோண்டிக் கொட்டின மண்மேடு எங்கெங்க இருக்குன்னு பாரு, ரெண்டு பழைய குழிக்கு நடுவுல தோண்டாம விட்ட இடத்துல, மேட்டோட சரிவுல, மெதுவா ஓட்டு. ஒரு நாள் முழுக்க ஒரு சின்ன துண்டு நிலம் போதும். மிஷினுக்கு வச்சிருக்கிற காசுல நல்ல இடத்துக்குப் போயிட்டு வா.

போறதுக்கு முன்னாடி அனுமதியைப் பாத்துக்கோ, இதுல நான் விட்டுக் குடுக்கவே மாட்டேன். ஒவ்வொரு நாட்டுலயும் சட்டம் வேற வேற, விக்டோரியாவுல மைனர்ஸ் ரைட்ங்கிற அனுமதிச் சீட்டு கையில இல்லாம தேடக்கூடாது, அமெரிக்காவுல பொது நிலமா இருந்தாலும் அதுல யாராவது கிளெய்ம், அதாவது தோண்டுற உரிமை, போட்டிருக்காங்களான்னு பாக்கணும், பிரிட்டன்ல மண்ணுக்குள்ள இருக்கிற தங்கமே பெரும்பாலும் அரசோட (கிரவுன்) சொத்துன்னுதான் சட்டம். தனியார் நிலம்னா எழுத்துல அனுமதி வாங்கு, கிடைச்சா எப்படி பிரிச்சுக்கறதுன்னும் முன்னாடியே பேசிடு. அந்த மண்ணோட பூர்வகுடிங்க புனிதமா வச்சிருக்கிற இடத்துல கால் வைக்காத. தோண்டின குழி ஒவ்வொண்ணையும் மூடிட்டு வா, எடுத்த ஆணியை அங்கேயே போடாத, ஆடு மாடு கால்ல குத்தும், அடுத்து வர்றவனும் அதையே தோண்டுவான்.

பழைய சுரங்கக் குழிங்க இருக்கிற காட்டுல காயிலைப் பாத்துக்கிட்டே பின்னாடி நடக்காத. சருகு மூடிக் கிடக்கும், கீழ எத்தனை ஆள் ஆழம்னு தெரியாது. வண்டி நிக்கிற இடத்தை ஜிபிஎஸ்ல மார்க் பண்ணிட்டுத்தான் இறங்கணும், ஹெட்போன்ல காது இருக்கும்போது எந்தப் பக்கம் வந்தோம்னே தெரியாது, அப்பாவே ஒரு தடவை திசை தப்பிட்டார். பாம்பு இருக்கிற ஊர்னா முழங்கால் வரைக்கும் கெய்டர், அதான் கால் உறை, போடு. தண்ணி நீ நினைக்கிறதுக்கு ரெண்டு மடங்கு எடுத்துட்டுப் போ.

நீ தேடுற இடத்து மண்ணை கிட்ட வச்சு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, கூட கிடக்கிற கல்லுல ரெண்டை உடைச்சு உள்பக்கம் தெரியுற மாதிரி. அப்படியே உன் ஹெட்போன் சத்தத்தையும் கொஞ்ச நேரம் ரெக்கார்டு பண்ணி அனுப்பு, முக்கியமா ஒண்ணுமில்லன்னு நீ விட்டுட்டு வர்ற சிக்னலுங்களை. ரெண்டையும் பாத்துட்டு, விஎல்எஃப்க்கு ஆகவே ஆகாத மண்ணுதான்னு எனக்குத் தோணுச்சுன்னா எங்ககிட்ட இருக்கிற பிஐயை ஒரு சீசன் நீ வச்சு ஓட்டு, அப்பாகிட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டார்.

அம்மா